சின்ன லேப்டாப்புக்கு வெளி டிவிடி டிரைவ்: எதை வாங்குவது, மின்சாரம் எங்கிருந்து கொடுப்பது

வட்டை வைத்து ட்ரேயைத் தள்ளினேன். விர்ர் என்று சுற்ற ஆரம்பித்தது. இரண்டு நொடியில் சத்தம் இறங்கியது. டிக், டிக் என்று ஏதோ முட்டிப் பார்த்தது. பச்சை விளக்கு அணைந்தது. லேப்டாப்பில் யூஎஸ்பி கழன்ற ஓசை, உடனே இணைந்த ஓசை, மறுபடி விர்ர். ஐந்து நிமிடம் இதே கூத்து. உள்ளே இருந்தது அக்காவின் கல்யாண டிவிடி. எதிரே உட்கார்ந்திருந்தது அக்கா.

வாங்கிய கடையில் போய்ச் சொன்னேன். டிரைவ் பழுது என்று வேறொன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அதுவும் அதேபோல டிக், டிக். இரண்டு டிரைவிலும் குற்றமில்லை. பெட்டியோடு வந்த குட்டைக் கேபிள் மேசையில் எட்டவில்லை என்று நான் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு மீட்டர் ஒல்லிக் கேபிள்தான் குற்றவாளி. அன்றிலிருந்து யாராவது "எந்த டிரைவ் வாங்கலாம்" என்று கேட்டால், "உங்கள் லேப்டாப்பில் என்ன போர்ட் இருக்கிறது" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்: முதலில் போர்ட், அப்புறம் டிரைவ், அப்புறம் கேபிள்.

முதல் படி: டிரைவ் தேவைதானா

2007இல் ஏசுஸ் ஈ பிசி, 2008இல் மேக்புக் ஏர் என்று வட்டு டிரைவ் இல்லாத சின்ன லேப்டாப்புகள் வந்தபோது, வெளி டிரைவ் கட்டாயம் என்ற நிலை இருந்தது. விண்டோஸ் போட, பிரிண்டர் டிரைவர் போட, எல்லாவற்றுக்கும் வட்டுதான். இன்று அதெல்லாம் பென் டிரைவிலோ இணையத்திலோ கிடைக்கிறது. மிச்சம் இருப்பவை நம் வீட்டுச் சரக்குகள்: கல்யாண, காதுகுத்து டிவிடிகள், ஸ்கேன் சென்டர் கவரில் போட்டுத் தரும் எம்ஆர்ஐ சிடி, பழைய எம்பி3 சிடிகள், என்றோ பதிந்து வைத்த புகைப்பட வட்டுகள். மொத்தமே நான்கைந்து வட்டுதான் என்றால், டெஸ்க்டாப் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டு ஒரு காபி குடித்துவிட்டு வருவது உத்தமம். அலமாரி நிறைய இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டாவது படி: லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள்

பைக்குள் அடங்கும் ஸ்லிம் டிரைவ்கள் எல்லாமே 5 வோல்ட்டில் ஓடுபவை. அந்த 5 வோல்ட் யூஎஸ்பி வழியாகவே வருகிறது. எத்தனை ஆம்பியர் வருகிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். பெரும்பாலான லேப்டாப்புகளில் 3.0 போர்ட்டின் உள்நாக்கு நீலமாக இருக்கும். இல்லாவிட்டால் யூஎஸ்பி சின்னத்துக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். பக்கத்தில் மின்னல் அல்லது பேட்டரி படம் போட்டிருந்தால் அது போன் சார்ஜ் செய்யவும் ஏற்ற போர்ட், வழக்கமாக இன்னும் கூடுதலாகவே தரும். சி வகைப் போர்ட்டுகளில் 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், 3 ஆம்பியர் வரை தருபவையும் உண்டு. ஆனால் சி வடிவத்தில் இருப்பதாலேயே அவ்வளவும் வரும் என்று நம்பிவிடக் கூடாது.

இப்போது டிரைவின் பக்கம் வாருங்கள். அதன் அடிவயிற்றில் ஒட்டிய லேபிளில் டிசி 5 வோல்ட் என்று போட்டு, பக்கத்தில் 1 ஆம்பியர், 1.5 ஆம்பியர் என்று ஏதாவது எழுதியிருக்கும். போர்ட் தருவது அரை ஆம்பியர், டிரைவ் கேட்பது ஒன்றரை. பிறகு எப்படி ஓடுகிறது? எப்போதும் அவ்வளவு கேட்பதில்லை என்பதால்தான். வட்டு சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கேட்பது குறைவு. நின்ற வட்டைச் சுழற்றி வேகம் பிடிக்க வைக்கும் அந்த ஓரிரு நொடியிலும், எழுதும்போது லேசர் முழுப் பலத்தில் எரியும்போதும்தான் மொத்தப் பசியும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கித் திரும்புமே, அதே சங்கதி. பல லேப்டாப்புகள் அந்த ஒரு கணத்துக்கு விதிக்கு மேலேயே கொடுத்துவிடும். சின்ன லேப்டாப்புகளில், அதுவும் மலிவானவற்றில், போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கறாராக இருந்தால் அந்தக் கணத்திலேயே வெட்டிவிடும். அப்போதுதான் நான் கேட்ட டிக், டிக்.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். நீலப் போர்ட், மின்னல் படம் போட்ட போர்ட், சி போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தால் சாதாரண டிவிடி டிரைவ் ஒற்றைக் கேபிளிலேயே ஓடிவிடும் என்று தைரியமாக இறங்கலாம். கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட் மட்டும்தான் என்றால், இரட்டைத் தலைக் கேபிளோ தனி அடாப்டர் துளையோ உள்ள டிரைவையே தேடுங்கள்.

மூன்றாவது படி: டிரைவைத் தேர்ந்தெடுப்பது

பெட்டியின் மேல் "யூஎஸ்பி 3.0, அதிவேகம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபைட். ஸ்லிம் டிரைவ் எட்டி எட்டிப் பார்த்தாலும் 8 மடங்கு, அதாவது 11 மெகாபைட் சொச்சம். பழைய யூஎஸ்பி 2.0 நடைமுறையில் முப்பது மெகாபைட்டை அனாயாசமாகக் கடத்தும். அதனால் டிவிடி டிரைவுக்கு 3.0 வேகம் தேவையே இல்லை. 3.0இன் பயன் லேப்டாப் பக்கத்தில், கூடுதல் மின்சாரத்துக்காக மட்டும்தான். நீல நிற பிளக் போட்டு, உள்ளே 2.0 சர்க்யூட் வைத்து விற்கும் டிரைவ்களும் கடைகளில் ஏராளம்.

ட்ரே வெளியே வரும் வகையா, வாயில் வட்டைச் செருகும் வகையா என்றால் நான் ட்ரே பக்கம். வட்டு சிக்கிக்கொண்டால் முன்பக்கம் இருக்கும் ஊசித் துளையில் ஜெம் கிளிப்பை நிமிர்த்திக் குத்தினால் ட்ரே வெளியே வந்துவிடும். செருகும் வகையில் சிக்கினால் பல நேரம் திருப்புளி எடுக்க வேண்டியதுதான். எட்டு சென்டிமீட்டர் குட்டி வட்டுகளை அதில் போடவே கூடாது. ஆப்பிளின் சூப்பர்டிரைவ் பார்க்க அழகுதான். ஆனால் அது மேக்குக்காகச் செய்தது. விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் சும்மா வேலை செய்யாது. மேக்கிலும் நேராக லேப்டாப்பிலேயே செருக வேண்டும். யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் இதை ஞாபகம் வையுங்கள்.

கேபிள் டிரைவோடு ஒட்டி, அடிப்பகுதிப் பள்ளத்தில் மடங்கி ஒளிந்துகொள்ளும் மாடல்கள் நிறைய வருகின்றன. ஒருவகையில் நல்லது. வயர் குட்டை, தொலைந்தும் போகாது. ஆனால் மடங்கி மடங்கி அந்தக் கழுத்துப் பகுதியில் வயர் அறுந்தால் டிரைவே காலி. தனியாகக் கழற்றும் கேபிள் உள்ளதையே நான் வாங்குவேன்.

புளூரே வேண்டுமா என்பது தனிக் கேள்வி. புளூரே வட்டு ஒன்றில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி பிடிக்கும். குடும்பப் படங்களை வட்டிலேயே பத்திரப்படுத்த நினைப்பவர்களுக்குத்தான் அது. எழுதும்போது மின்சாரமும் அதிகம் கேட்கும். அதனால் தனி அடாப்டர் துளை இல்லாத புளூரே ரைட்டரைச் சின்ன லேப்டாப்புக்கு வாங்க வேண்டாம். கல்யாண டிவிடி பார்க்கிறவர்களுக்கு சாதாரண டிவிடி ரைட்டர் போதும். சிடியையும் அதுவே படிக்கும்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிரைவைப் பெட்டியில் அடைத்தும் விற்கிறார்கள். அதன் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் அசையவே அசையாது. சுவரில் செருகும் அடாப்டர் கூடவே வரும். வீட்டு மேசையை விட்டு நகராது என்றால் அதைவிட நிம்மதி இல்லை. மின்சாரப் பிரச்சினை என்ற பேச்சே எழாது. கீறல் விழுந்த வட்டுகளையும் அவை கொஞ்சம் பொறுமையாகப் படிக்கின்றன என்பது என் அனுபவம்.

மேசை இழுப்பறையில் தூங்கும் டிரைவ்

இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி என்ற சட்டம் போட்டு எஸ்எஸ்டி மாட்டிக்கொண்டவர்கள் நம்மில் ஏராளம். கழற்றிய டிரைவ் எங்கோ கிடக்கும். அதற்கென்றே வெறும் கூடு தனியாக விற்கிறார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். கேட்கும்போது "கேடி" என்று சொல்லாதீர்கள், ஹார்ட் டிஸ்க் மாட்டும் சட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள். "லேப்டாப் டிவிடி டிரைவுக்கு வெளி கேசிங்" என்று சொல்லுங்கள்.

வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, தடிமன். லேப்டாப் டிரைவ்கள் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவில்தான் பெரும்பாலும் வரும். பன்னிரண்டரைக் கூட்டில் ஒன்பதரை டிரைவ் ஆடும், மாறாகப் போட்டால் நுழையவே நுழையாது. ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள், டிரைவையே கையில் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. இரண்டு, பின்பக்க இணைப்பு. சாட்டா வகையில் தட்டையான இரண்டு நாக்குகள் பக்கம் பக்கமாக இருக்கும், ஒன்று தகவலுக்கு, ஒன்று மின்சாரத்துக்கு. மிகப் பழைய ஐடிஇ வகையில் 50 முனை உள்ள ஒரே அகல இணைப்பு. இரண்டுக்கும் கூடு வேறு வேறு. டிரைவை உள்ளே தள்ளும்போது இணைப்பு நேராகப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தள்ளுங்கள். தட்டித் தட்டி ஏற்றினால் நாக்கு உடையும்.

நான்காவது படி: கேபிள்

எனக்கு இரண்டு முறை கடைக்கு அலைச்சல் வைத்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் யூஎஸ்பி கேபிளை வெளிச்சத்தில் பிடித்து, அதன் தோலில் மங்கலாக அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 28ஏடபிள்யூஜி/1பி என்றும், பக்கத்தில் 24ஏடபிள்யூஜி/2சி என்றும் இருக்கும். முதலாவது தகவல் போகும் ஜோடி வயரின் தடிமன். இரண்டாவது மின்சாரம் போகும் இரண்டு வயரின் தடிமன். இந்த எண் குறையக் குறைய வயர் தடிமன். மலிவுக் கேபிள்களில் இரண்டு இடத்திலும் 28 என்றே இருக்கும், அல்லது எதுவுமே எழுதியிருக்காது.

28ஆம் எண் செம்பு வயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக 0.42 ஓம். ஒரு ஆம்பியர் இழுத்தால் 0.42 வோல்ட் வழியிலேயே போயிற்று. 5 வோல்ட்டில் கிளம்பியது டிரைவுக்கு 4.58 ஆகப் போய்ச் சேரும். ஸ்லிம் டிரைவ்கள் வழக்கமாக எதிர்பார்ப்பது 5 சதவீதத்துக்குள், அதாவது 4.75க்குக் குறையாமல். 24ஆம் எண் வயர் என்றால் இழப்பு 0.17தான். அரை மீட்டர் நீளம் என்றால் அதிலும் பாதி. ஆன்லைனில் விற்கும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்றை வாங்கிக் கேபிளின் டிரைவ் முனையில் வைக்க முடிந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். லேப்டாப் முனையில் வைத்தால் போர்ட் தளர்கிறதா என்பது மட்டும் தெரியும், கேபிள் விழுங்குவது தெரியாது. நான் முதலில் அந்த முனையில் வைத்து ஏமாந்தேன்.

அதனால் அரை மீட்டருக்கு மேல் போகாதீர்கள். போன் சார்ஜருக்கு வந்த கேபிள்களில் சில சார்ஜுக்கு மட்டுமே, தகவல் வயரே இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு டிரைவ் வந்ததே தெரியாது. நீட்டிப்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். எட்டவில்லை என்றால் லேப்டாப்பை நகர்த்துங்கள்.

ஐந்தாவது படி: மின்சாரம் போதவில்லை என்றால்

முதலில் இலவச வைத்தியம். வேறு போர்ட்டில் செருகுங்கள், நீலத்தில் முதலில். மற்ற யூஎஸ்பி சாமான்களைக் கழற்றுங்கள், முக்கியமாக வெளி ஹார்ட் டிஸ்க், போன். லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். சில லேப்டாப்புகள் பேட்டரியில் இருக்கும்போது யூஎஸ்பி போர்ட்டுகளின் சக்தியைச் சுருக்கிக்கொள்ளும்.

அப்புறம் இரட்டைத் தலைக் கேபிள். ஒரு முனை டிரைவுக்கு, மறுமுனையில் இரண்டு யூஎஸ்பி பிளக். ஒன்றில் தகவலும் மின்சாரமும், மற்றதில் மின்சாரம் மட்டும். இரண்டையும் ஒரே லேப்டாப்பின் இரண்டு போர்ட்டில் செருகினால் இரண்டு போர்ட்டின் மின்சாரமும் சேர்ந்து போகும். தகவல் பிளக்கை முதலில் செருகினால் அரைகுறை மின்சாரத்தில் டிரைவ் விழித்துத் தடுமாறும். அதனால் மின்சார பிளக் முதலில். யூஎஸ்பி விதிமுறைப்படி இந்தக் கேபிளே கூடாது என்பது வேறு கதை. ஊரெல்லாம் ஓடுகிறது, எனக்கும் ஓடியது. ஆனால் அந்த இரண்டாவது பிளக்கை பவர் பேங்கிலோ சுவர் சார்ஜரிலோ செருகுவதை நான் தவிர்க்கிறேன். பல கேபிள்களில் இரண்டு பிளக்கின் 5 வோல்ட் வயரும் உள்ளே நேராக ஒட்டியிருக்கும். சார்ஜரின் வோல்ட் சற்று கூடுதலாக இருந்தால் அது லேப்டாப் போர்ட்டுக்குள் பின்வழியாகப் போகும். விலை கொடுத்து வாங்கிய லேப்டாப்பை வைத்து அந்தச் சோதனை எதற்கு.

இரண்டு போர்ட் இல்லாத லேப்டாப்புக்குச் சரியான வழி சொந்த அடாப்டருள்ள யூஎஸ்பி ஹப். அடாப்டரில் 5 வோல்ட், குறைந்தது 2 ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். அடாப்டர் இல்லாத ஹப்பில் மட்டும் டிரைவைச் செருகாதீர்கள். யூஎஸ்பி 2.0 விதிப்படி அந்த வகை ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியருக்குத்தான் உத்தரவாதம். சி போர்ட் மட்டும் உள்ள லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ, கார்டு ரீடர் எல்லாம் கொண்ட பல்முனை ஹப் போடுகிறவர்கள், அதன் சார்ஜிங் துளையில் லேப்டாப் சார்ஜரைச் செருகிவிட்டு முயலுங்கள். டிரைவ் ஒன்றுதான் வேலை என்றால் சியிலிருந்து சாதாரண யூஎஸ்பிக்கு மாற்றும் குட்டித் தலை ஒன்றே போதும், ஹப்பைவிட மேல்.

டிரைவிலேயே வட்டமான அடாப்டர் துளை இருந்தால் அதிலும் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை. வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரின் முனை அதில் கச்சிதமாக நுழையக்கூடும். அது பெரும்பாலும் 12 வோல்ட். செருகினால் ஒரு நொடியில் டிரைவ் கதை முடிந்தது. 5 வோல்ட்தானா, நடுமுனை நேர்மின்னா என்று துளைக்குப் பக்கத்தில் இருக்கும் படத்தையும் அடாப்டர் லேபிளையும் ஒப்பிட்டுவிட்டுச் செருகுங்கள்.

ஆறாவது படி: கடையிலேயே சோதியுங்கள்

உங்கள் லேப்டாப்பையும் இரண்டு வட்டையும் எடுத்துப் போங்கள்: கம்பெனி அச்சடித்த ஒன்று, வீட்டில் பதிந்த ஒன்று. வட்டு இல்லாமல் செருகி "கணினியில் காட்டுகிறது" என்று திரும்பி வராதீர்கள், அப்போது டிரைவ் கேட்பது சொற்பம். வட்டைப் போட்டு, அதிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை லேப்டாப்புக்கு நகலெடுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே ரத்து செய்து, வட்டை வெளியே எடுத்து, மறுபடி போட்டுச் சுழலவிடுங்கள். இப்படி மூன்று முறை செய்தும் கழன்ற ஓசை வரவில்லை என்றால் காசு கொடுக்கலாம்.

வட்டு சுற்றுகிறது, படம் வரவில்லை

விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. இது டிரைவின் கோளாறு இல்லை. விஎல்சி பிளேயரை இறக்கிக்கொண்டால் தீர்ந்தது. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளுக்கு மண்டலக் குறியீடு உண்டு. இந்தியா 5ஆம் மண்டலம். வெளிநாட்டு வட்டு போட்டால் மண்டலத்தை மாற்றவா என்று கேட்கும். டிரைவ் ஐந்து முறைதான் மாற்ற விடும், ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். யோசித்து அழுத்துங்கள். வீட்டு கல்யாண வட்டுகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் வீடியோ கோப்புறையை அப்படியே நகலெடுத்துவிடலாம். ஒரு முழு டிவிடி பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும்.

ஸ்கேன் சிடியில் இருப்பது சாதாரணப் படங்கள் அல்ல, டைகாம் என்ற மருத்துவப் பட வகைக் கோப்புகள். பெரும்பாலும் விண்டோஸில் திறக்கும் ஒரு சின்ன மென்பொருளும் அதே வட்டில் இருக்கும். முழு வட்டையும் ஒரு கோப்புறையாக நகலெடுத்து வையுங்கள். படத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால் அடுத்த டாக்டரிடம் காட்டும்போது திறக்காமல் திண்டாடுவீர்கள்.

வட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படிக்கும்போது சரியாக ஓடும் டிரைவ் எழுதும்போது பாதியில் செத்தால், வட்டைத் திட்டுவதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். வேகத்தை 4 மடங்குக்குக் குறைத்து எழுதிப் பாருங்கள். நல்ல போர்ட்டும் குட்டைக் கேபிளும் போட்ட பிறகும் ஒரே ஒரு வட்டு மட்டும் முரண்டு பிடித்தால்தான் வட்டின் மேல் பழி. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்துவிட்டு, முடிந்தால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது சகஜம்.

அக்காவின் டிவிடி கடைசியில் பெட்டியோடு வந்த அந்தக் குட்டைக் கேபிளில், நீலப் போர்ட்டில் ஓடியது. முகூர்த்தக் காட்சியில் வட்டில் ஒரு கீறல், அங்கே மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நகலெடுத்து முடித்ததும் கேபிளைச் சுருட்டி டிரைவோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டேன். அது மினி யூஎஸ்பி முனை. அவசரத்துக்கு வீட்டில் தேடினால் கிடைக்காத சாமான்.